போர் விமானத்தின் திணறலைத் தீர்த்த பித்தளை வளையம்: பீட்ரிஸ் ஷில்லிங்

பழைய கார் ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். காலையில் சோக்கை இழுத்து இயந்திரத்தை முடுக்கிவிட்டு, அதைத் திரும்பத் தள்ள மறந்தால் கார் கரும்புகை கக்கித் திணறும், பிறகு நின்றுவிடும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடுவதே காரணம். சாலையில் என்றால் ஓரங்கட்டிக் காத்திருக்கலாம். 1940-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு இதைப் போன்ற திணறல் நடுவானில், எதிரியோடு மோதும் நேரத்தில் வந்தது. அதற்கு வழி கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர்.

1909 மார்ச் 8-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷியர் மாவட்டத்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தார் பீட்ரிஸ். 14 வயதிலேயே சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியியலாளரிடம் மின்சார வேலை பழகினார். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டமும், தொடர்ந்து இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1936-இல் ஃபார்ன்பரோ அரச விமான ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்தார். அதற்கு முன்பே புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கும் கூடுதலான வேகத்தில் ஓட்டி, தங்க நட்சத்திர விருதையும் வென்றார்.

போர் மூண்டது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த மெர்லின் இயந்திரத்தின் குறை அப்போது வெளிப்பட்டது. எதிரியைத் துரத்த விமானி மூக்கைச் சட்டெனக் கீழே சாய்த்தால், கார்புரேட்டர் அறையில் இருந்த பெட்ரோல் மேல்நோக்கி எழும்பியது. இயந்திரம் முதலில் பெட்ரோல் இன்றித் தடுமாறியது. அடுத்த கணம் மிதவை நிலைமாறி, பெட்ரோல் வரும் வாயில் முழுதாகத் திறந்துகொண்டது. பம்பு தள்ளிய பெட்ரோல் அளவுமீறிப் பாய, இயந்திரம் மூச்சடைத்தது. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் பெட்ரோல் நேராகவே இயந்திரத்துக்குள் செலுத்தப்பட்டதால் இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் விமானிகளோ விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிய பிறகே கீழே பாய வேண்டியிருந்தது. அந்தச் சில நொடிகளில் எதிரி தப்பிவிடலாம்; விமானியின் உயிரும் போகலாம்.

கார்புரேட்டரைப் புதிதாக வடிவமைக்கக் காலம் பிடிக்கும். ஷில்லிங் வேறு வழியில் சிந்தித்தார். முழு வேகத்தில் இயந்திரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் தேவை என்று கணக்கிட்டு, ஏறத்தாழ அந்த அளவு மட்டுமே பாயும்படி துளையிட்ட சிறிய பித்தளைத் துண்டை எரிபொருள் குழாய்ப் பாதையில் பொருத்தினார். பின்னர் அது தட்டையான வளையமாக எளிமையாக்கப்பட்டது. வாயில் முழுதாகத் திறந்தாலும் இனி வெள்ளம் புகாது. விமானத்தைப் பணியிலிருந்து ஒதுக்காமலேயே அதைப் பொருத்திவிடலாம் என்பது பெரிய வசதி.

1941 மார்ச் முதல் சிறு குழுவுடன் விமானத் தளம் தளமாகச் சென்று இந்த வளையத்தைப் பொருத்தும் பணியை ஷில்லிங் நடத்தினார். தம் பழைய நார்ட்டனிலேயே தளங்களுக்குப் போய்வந்தார்.

இது முழுத் தீர்வு அன்று. தலைகீழாக நெடுநேரம் பறக்க அது உதவவில்லை. அழுத்த முறை கார்புரேட்டர்கள் வரும்வரை விமானிகளைக் காத்த இடைக்கால ஏற்பாடு அது. ஆனால் போர்க்களத்தில் அந்த இடைக்காலமே முக்கியமானது.

போருக்குப் பின் அவருக்கு ஓபிஇ விருது வழங்கப்பட்டது. மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் வழுக்குவது பற்றியும் ஆராய்ந்தார். கணவர் ஜார்ஜ் நெய்லருடன் சேர்ந்து ஆஸ்டின்-ஹீலி காரை மாற்றியமைத்துப் பந்தயங்களில் ஓட்டினார். 1969-இல் பணி ஓய்வு பெற்ற அவர், 1990 நவம்பர் 18-ஆம் தேதி காலமானார்.

கோளாறு எங்கே தொடங்குகிறது என்று சரியாகக் கண்டுபிடித்தால், தீர்வு சிறியதாக இருக்கலாம். பட்டறையில் கை கறுக்க வேலை செய்யும் எந்த மெக்கானிக்கும் இதை ஒப்புக்கொள்வார். இன்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில், மாணவர்கள் மின்னணுப் பொறியியல் பயிலும் கட்டடம் பீட்ரிஸ் ஷில்லிங் பெயரைத் தாங்கி நிற்கிறது.