அளவறிந்து உழைத்த அறிஞர் டார்வின்

முயற்சி வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் ஓயாது அறிவுரை கூறி வருகிறோம். ஆனால், அம்முயற்சி நடுவழியில் நின்றுவிடாமல் நெடுங்காலம் நீடிப்பதற்கு வழி என்ன என்பதைச் சொல்லிக் கொடுப்போர் சிலரே. தேர்வு நெருங்கும் வேளையில் கண் விழித்துப் படித்து, தேர்வு முடிந்ததும் நூலைத் தொடவே வெறுக்கும் மாணவர்களை நாம் காண்கிறோம். ஊக்கம் ஒரே நாளில் பிறந்துவிடும். அதை நாற்பது ஆண்டுகள் அணையாமல் காப்பது தனிக்கலை. அக்கலையில் தேர்ந்தவர் இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின். நோயோடு போராடிக்கொண்டே, நாள் ஒன்றுக்குச் சில மணி நேரம் உழைத்து, உலக மக்களின் எண்ணப் போக்கையே மாற்றிய அப்பெரியாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள சுரூசுபரி நகரில் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். மருத்துவரான தந்தையார், மகனும் மருத்துவனாக வேண்டும் என விரும்பி எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அறுவை சிகிச்சையைக் கண்டு உள்ளம் நடுங்கிய இளைஞர் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றபோது, பாடங்களைவிட வண்டுகளைத் தேடிப் பிடிப்பதிலேயே அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது.

அந்த ஆர்வமே அவருக்கு வழி திறந்தது. 1831 டிசம்பரில், தம் 22ஆம் வயதில், பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடல் மயக்கத்தால் அல்லலுற்றபோதும் செடிகள், பறவைகள், பாறைகள், பண்டைய விலங்குகளின் எலும்புகள் ஆகியவற்றைத் திரட்டி, 1836 அக்டோபரில் தாயகம் திரும்பினார்.

இலண்டன் மாநகரில் அவர் ஓய்வின்றி உழைத்தார். அதன் பயனாய்ப் புகழ் வந்தது. கூடவே நோயும் வந்தது. 1837ஆம் ஆண்டிலேயே நெஞ்சு படபடப்பு அவரை வாட்டியது. வேலைகளை விட்டுவிட்டு நாட்டுப்புறம் சென்று ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர்கள் வற்புறுத்தினர். அப்போது அவருக்கு வயது 28. உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்னும் பெருவினா அவர் உள்ளத்தில் எழுந்த காலமும் அதுவே. கையில் இருந்த பணியோ மிகப் பெரிது. உடல் வலிமையோ மிகச் சிறிது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே அவர்முன் நின்ற சிக்கல்.

1842ஆம் ஆண்டில் மனைவி எம்மாவுடனும் குழந்தைகளுடனும் கென்ட் மாவட்டத்தில் உள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். இறுதிவரை நாற்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அங்கு அவர் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கு நாம் கருத்தூன்றி நோக்கத் தக்கது. காலையில் சிறிது உலாவி வந்து, எட்டு மணி முதல் ஒன்பதரை வரை எழுதுவார். பின்னர்க் கடிதங்களைப் பார்ப்பார். வீட்டார் கதை படிக்கக் கேட்பார். பத்தரை மணிக்கு மீண்டும் பணியைத் தொடங்கி நண்பகலில் நிறுத்திவிடுவார். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்!

நண்பகலில் தம் தோட்டத்தை ஒட்டி அமைத்திருந்த மணற்பாதையில் நடப்பார். தொடக்கத்தில் பாதையோரம் சில கற்களைக் குவித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிக் கணக்கு வைத்துக்கொண்டார். இரவில் தாயக்கட்டை உருட்டி ஆடும் பேக்கமன் ஆட்டத்தை மனைவியுடன் ஆடுவார். அந்த வெற்றி தோல்விக்கும் கணக்கு உண்டு. 1876ஆம் ஆண்டில் அவர் 2,795 ஆட்டங்களும் அம்மையார் 2,490 ஆட்டங்களும் வென்றிருந்தனர்! ஓய்வையும் பணியைப் போலவே ஒழுங்காகப் போற்றினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பெரிய பணியைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நாள்தோறும் ஒரு பங்கைச் செய்வது அவர் வழக்கம். கடற்பாறைகளிலும் படகுகளின் அடியிலும் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். அதற்கிடையே நோய் முற்றியது. 1849இல் நீர் மருத்துவம் நாடி மால்வெர்ன் நகரில் பல வாரங்கள் தங்கினார். 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தார். துயரிலும் நோயிலும் பணி நின்றது; ஆனால் முறிந்துபோகவில்லை. உடல் தேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அவருடைய பெருங்கொள்கையான இயற்கைத் தேர்வு 1844ஆம் ஆண்டிலேயே கட்டுரை வடிவம் பெற்றிருந்தது. எனினும், சான்றுகள் நிறைவாகச் சேரும்வரை அவர் அதை வெளியிடவில்லை. 1858 ஜூன் மாதம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் உள்ள தெர்னாத்தேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1854இல் சிங்கப்பூர் வந்து, புக்கித் தீமாவில் வண்டு சேகரித்து, மலாக்கா, சரவாக் எனச் சுற்றிய அவ்வறிஞர், அதே கொள்கையைத் தாமாகவே கண்டறிந்திருந்தார்! 1858 ஜூலை முதல் நாள், இருவர் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. அன்று டார்வின் அங்கு இல்லை. சில நாட்களுக்கு முன் இறந்த தம் கைக்குழந்தைக்காக வீட்டில் துயருற்றிருந்தார்.

இனியும் காலம் தாழ்த்தலாகாது எனக் கருதிய அவர், தாம் வகுத்த அளவை அப்போது மீறினார். பதின்மூன்று மாத உழைப்பில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை எழுதி முடித்தார். 1859 நவம்பர் 24ஆம் நாள் 1,250 படிகளாக அந்நூல் வெளிவந்தது. ஆனால் ஆசிரியரோ உடல் நலிந்து, இல்க்லி என்னும் ஊரில் மீண்டும் நீர் மருத்துவத்தில் இருந்தார். அளவு கடந்தால் அறிஞரின் உடலும் பொறுப்பதில்லை என்பதை அவ்வாண்டு காட்டியது. அதன்பின் பழைய ஒழுங்குக்கே திரும்பினார். நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

அவருடைய பொறுமைக்கு ஒரு சான்று கூறுவோம். மண்புழுக்கள் மண்ணை மேலே கொணர்ந்து நிலத்தை மாற்றுகின்றன என 1837இல் அவர் எழுதினார். 1842 டிசம்பரில் வீட்டருகே ஒரு வயலில் உடைத்த சுண்ணாம்புக் கட்டிகள் பரப்பப்பட்டன. 29 ஆண்டுகள் கழித்து, 1871இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தார். வெண்கட்டிகள் ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன! மண்புழுக்களைப் பற்றிய நூல் 1881இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், 73ஆம் வயதில் அவர் மறைந்தார். சிறு புழு நாள்தோறும் சிறிது மண்ணைத் தள்ளி வயலையே மாற்றியதைப் போன்றே அவரும் உழைத்தார் எனலாம்.

டார்வினுக்குக் குடும்பச் செல்வம் இருந்தது. பிழைப்புக்காக வேலைக்குச் செல்லும் தேவை இல்லை. விடியுமுன் எழுந்து வெளிக்காட்டுக்குச் செல்லும் நம் பெற்றோருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், அவர் கடைப்பிடித்த உண்மையை நம் தோட்ட மக்கள் முன்னரே அறிவர். இரப்பர் மரத்தில் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகக் கத்தி பாய்ந்தால் மரம் புண்படும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் மரம் தேறிப் பல்லாண்டுகள் பால் தரும். மரத்துக்குக் காட்டும் இப்பரிவை நம் பிள்ளைகளுக்கும் காட்டுதல் வேண்டாவோ?

மாணவ மணிகளே! நாள்தோறும் ஒரு மணி நேரமாயினும் குறித்த வேளையில் படியுங்கள். படித்தபின் ஓடி விளையாடுங்கள். இரவில் நன்கு உறங்குங்கள். நோயாலோ துயராலோ படிப்புத் தடைப்பட்டால் மனம் உடைய வேண்டா. விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பெற்றோரே! பிள்ளை விளையாடும் நேரத்தை வீண் எனக் கருதாதீர்கள். அளவறிந்து உழைப்போம், இடைவிடாது உழைப்போம், எடுத்த செயலை இனிதே முடிப்போம்.