நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்

நாஞ்சில் நாட்டை அடுத்து மேற்கே உள்ளது நெய்யூர். ஆங்கு 1838ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷனார் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பணியில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்று இரண வைத்தியரானார். முதல் உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்குப் பிரான்சு நாட்டிற் பணி புரிந்தார். 1922ஆம் ஆண்டு எவரெஸ்டு மலையேறிய குழுவில் இவரும் ஒருவர். அம்முயற்சியிற் பனிச்சரிவால் மலைநாட்டுச் சுமையாளர் எழுவர் மாண்டனர். தம் நாட்டவருள் ஒருவரேனும் அவர்களோடு மாளாமை குறித்து இவர் பெரிதும் நொந்தனர். மீளுங்கால் நெய்யூருக்கு வந்தவர், அங்கே காத்துக் கிடந்த நோயாளர் திரளைக் கண்டார். இலண்டனில் வாய்க்கவிருந்த உயர்பதவியைத் துறந்து, அடுத்த ஆண்டே நெய்யூர் வந்து சேர்ந்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, ஏறத்தாழ 28,000 அடி உயரம் எய்தினார். இறங்கும்போது, குளிரால் உறைந்து கழன்ற தொண்டையின் உட்சவ்வு மூச்சை அடைத்தது. இறப்பை எதிர்நோக்கிப் பனிமேல் அமர்ந்தவர், இறுதி முயற்சியாக நெஞ்சை இரு கையாலும் அழுத்த, அடைப்பு வெளிப்பட்டது, உயிர் மீண்டது. பலரும் வியந்து பேசுவது இம்மலையேற்றத்தையே. எமக்கோ அதன்பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன.

வெற்றிலையோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கும் வழக்கத்தால் இப்பக்கத்தே வாய்ப்புற்று மிக்கிருந்தது. நெய்யூர் மருத்துவராகிய ஆர் என்பார் 1933இல் 'லான்செட்' இதழில் இதுபற்றி ஆராய்ந்து எழுதினர். ஆயினும் தாடை வீக்கமெல்லாம் புற்றாகா. பற்சிப்பியை ஆக்கும் உயிரணுக்களை ஒத்தவற்றால் வளரும் கட்டி ஒரு வகை. பல உட்கருக்களையுடைய பேருயிரணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் மருங்கே திரண்டு எலும்பை அரிப்பது மற்றொரு வகை. புறத்தே காண்பார்க்கு யாவும் ஒரே வீக்கம். சிறு துண்டை அரிந்து நுண்ணோக்கியிற் பார்த்தாலன்றி வேறுபாடு தெளிவாகாது. பின்னதன் இயல்பை அமெரிக்க அறிஞர் ஜாஃபே விளங்க வகுத்ததும் 1953ஆம் ஆண்டிலேதான். தாடையை அறுத்தெடுப்பதா, சுரண்டி நீக்கினாற் போதுமா? மிகுதியாக வெட்டின், நோயாளி சோறு மெல்லவும் பேசவும் இயலாது வருந்துவான். குறைவாக வெட்டின், கட்டி மீண்டும் வளரும். தாடையெலும்பினுள்ளே தமனி ஓடுதலின், பெருகும் குருதியை அடக்குதலும் எளிதன்று. கத்தியைக் கையிலேந்திய அந்நாளை மருத்துவர் நின்ற நிலை இத்தகையது.

இவர் இரைப்பை நோய்க்கான இரண வைத்தியத்திலும் வல்லவராய், 1948இல் அதுபற்றி ஒரு நூல் இயற்றினார். ஓவியமும் இசையும் அறிந்தவர். 1949இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1961 வரை மாணவர்க்குக் கற்பித்தார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, 1975ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஆம்பிள்சைடு என்னும் ஊரில் இறைவனடி சேர்ந்தார். எல்லைக்கு அப்பால், காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.