நாடு காத்தவருக்கு நாடாண்டோர் தந்த பரிசு

கோவைக்குப் பக்கத்திலே போத்தனூர் இருக்கிறதல்லவா? அந்த ஊரில் 1881-ஆம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. எதல் சாரா ஸ்டோனி என்று பெயர். தகப்பனார் சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தவர். வளர்ந்த பிறகு அந்தப் பெண் ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மணந்தார். அவரும் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர்தான். மூத்த மகன் பிறந்தது குன்னூரில். இளையவர் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். அவர்தான் ஆலன் டூரிங்.

நம்மூர் வெயில் பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது என்ற அச்சத்தால், இரு சிறுவர்களையும் இங்கிலாந்திலே ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறினர். நம்மை ஆள வந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலை அது. தாயும் தந்தையும் இருந்தும் அயலார் வீட்டில் வளர்ந்தார் ஆலன்.

பதின்மூன்று வயதில் ஷெர்பர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்ட நாளில் நாடெங்கும் பொது வேலை நிறுத்தம். 1926-ஆம் ஆண்டு அது. இரயில் ஓடவில்லை. சிறுவன் கலங்கவில்லை, சைக்கிளை எடுத்தான், அறுபது மைல் மிதித்தான், வழியில் ஓர் இரவு தங்கி, பள்ளி போய்ச் சேர்ந்தான். ஆனால் அந்தப் பள்ளியிலே இலத்தீனும் கிரேக்கமும்தான் கல்வி. கணக்கும் விஞ்ஞானமும் இரண்டாந்தரம். நம் நாட்டிலும் செத்த மொழியைச் சிங்காதனத்தில் வைத்துக் கும்பிடுவோர் உண்டல்லவா, அதே நோய்தான்! அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல துணை, கிறிஸ்டபர் மார்கம் என்ற மாணவர். இருவரும் விண்மீன்களைப் பற்றியும் வேதியியல் பற்றியும் பேசுவர். 1930 பிப்ரவரியில் காசநோய் மார்கத்தைக் கொண்டுபோயிற்று. அந்த இழப்பு ஆலனின் உள்ளத்தில் கடைசிவரை ஆறவில்லை.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் குழுவில் இடம்பெற்றார். 1936-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைப் பொறி வருகிறது. நீண்ட ஒரு நாடா. அதிலே கட்டம் கட்டமாகக் குறிகள். பொறி ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும், எழுதும், அழிக்கும், நகரும். அவ்வளவே. கட்டளையை நாடாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யும் என்று காட்டினார். எந்தப் பொறியாலும் விடுவிக்க முடியாத கணக்குகளும் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார். இன்று நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கு மூலக்கரு அந்த நாடாதான்.

போர் வந்தது. 1939 செப்டம்பர் 4, போர் அறிவிப்புக்கு மறுநாள், பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் சங்கேத மொழியை உடைக்கும் வேலைக்குப் போனார். ஜெர்மனியின் எனிக்மா பொறி, செய்திகளைக் கோடானுகோடி வழிகளில் குழப்பி அனுப்பும். போலந்து நாட்டுக் கணித மேதைகள் அதன் மருமத்தை முன்னரே ஓரளவு அவிழ்த்து, போருக்கு முந்திய மாதங்களில் பிரிட்டனுக்குக் கொடுத்திருந்தனர். அவர்களை மறப்பது நன்றியாகாது. அந்த அடிப்படையின்மேல் டூரிங் புதிய பொறியை வடிவமைத்தார். கடற்படையின் சங்கேதம் எல்லாவற்றிலும் கடினமானது. பிறர் கைவிட்டதை அவர் தாமாகக் கையிலெடுத்தார். அட்லாண்டிக்கில் உணவுக் கப்பல்களை நீர்மூழ்கிகள் வேட்டையாடிய காலம் அது. கப்பல் வராவிட்டால் பிரிட்டனுக்குச் சோறில்லை.

ஆள் போதவில்லை, கருவி போதவில்லை. அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று சகாக்களும் பிரதமர் சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் எழுதினர். அவர்கள் கேட்டதையெல்லாம் தாமதமின்றிக் கொடுக்கும்படி சர்ச்சில் அன்றே உத்தரவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

அவர்கள் உழைப்பால் போர் இரண்டாண்டு முன்னதாக முடிந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கணக்குகளை யாரும் சரிபார்க்க முடியாது. கப்பல்கள் கரை சேர்ந்தன, மக்கள் பிழைத்தார்கள், அது போதும். 1946-இல் ஒரு விருது கொடுத்தார்கள். எதற்காக என்று வெளியில் சொல்ல முடியாத விருது! 1970-களில்தான் அந்த இரகசியம் உடைந்தது. பிறகு மின்கணிப்பொறிக்கான திட்டம் தீட்டினார்; 1948-இல் மான்செஸ்டர் போனார்; பொறி சிந்திக்குமா என்று 1950-இல் எழுதினார்; 1951-இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டுப் போயிற்று. நேர்மையான குடிமகன் என்ன செய்வான்? போலீசுக்குப் போனார். திருடனைத் தேடி வந்தவர்கள் வீட்டுக்காரரையே குடைந்தனர். ஒரு வாலிபருடன் தமக்கு இருந்த உறவை டூரிங் மறைக்கவில்லை. அவர் தன்பால் ஈர்ப்பினர்; அதை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக அவர் கருதியதே இல்லை. திருட்டு வழக்கு பின்னுக்குப் போயிற்று. திருட்டுக் கொடுத்தவர் கைதியானார்!

எந்தச் சட்டம்? 1885-ஆம் ஆண்டுச் சட்டம். சிறுமிகளைப் பாதுகாக்கக் கொண்டுவந்த மசோதா அது. சால்ஸ்பரி பிரபுவின் கன்சர்வேடிவ் ஆட்சிக் காலத்தில், பின்னிரவு நேரத்தில், ஓர் உறுப்பினர் ஒரு திருத்தத்தைச் செருகினார். ஆணும் ஆணும் தனி அறையில் இசைந்து பழகினாலும் ஈராண்டுச் சிறை என்றது அது. ஆஸ்கார் வைல்டை 1895-இல் கடுங்காவலில் வாட்டியதும் அதே பிரிவுதான். 67 ஆண்டு ஆகியும் ஓர் எழுத்து மாறவில்லை.

1951 அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சி மீண்டும் பதவி ஏறியிருந்தது. பிரதமர் யார்? அதே சர்ச்சில். உள்துறை அமைச்சர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப். ஒழுக்கம் கெட்டுவிட்டது, நாடு சீரழிகிறது என்பது அவர்கள் பாட்டு. அதே ஆண்டு இரண்டு வெளியுறவு அதிகாரிகள் சோவியத் பக்கம் ஓடிப்போனது வேறு, தன்பால் ஈர்ப்பினர் எல்லாருமே தேசத்துரோகிகள் என்ற சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. எதிரியின் சங்கேதத்தை உடைத்தவரையே நாட்டுக்கு ஆபத்தானவர் என்று முத்திரை குத்தினார்கள்!

1952 மார்ச் 31 அன்று நட்ஸ்ஃபோர்டில் தீர்ப்பு. சிறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், ஓராண்டுக் காலம் பெண் சுரப்பு மருந்தை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆய்வைத் தொடர வேண்டுமே என்று அதற்கு இசைந்தார். உடல் மாறியது, மார்பு பருத்தது. அரசின் சங்கேத ஆலோசனைப் பணியிலிருந்து நீக்கினார்கள். தமக்கு நேர்ந்ததைப் பற்றி நண்பர்களுக்கு வேடிக்கையாகவே எழுதினார். 1954 ஜூன் 7 அன்று இறந்தார். மறுநாள் வேலைக்கார அம்மாள் கண்டார். வயது 41. உடலில் சயனைடு, படுக்கையருகே கடித்த ஆப்பிள். தற்கொலை என்றது விசாரணை. இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்று நம்பியே அந்தப் போத்தனூர்த் தாய் எஞ்சிய நாளைக் கழித்தார். ஆப்பிளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அவர் இறந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், அதே மாக்ஸ்வெல் ஃபைஃப் உல்ஃபெண்டன் குழுவை அமைக்க நேர்ந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள்மீது வழக்குப் போய், பத்திரிகைகள் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தன. 21 வயது நிரம்பியோர் தனியிடத்தில் இசைந்து நடப்பது குற்றமாகாது என்று 1957-இல் குழு பரிந்துரைத்தது. தாம் அமைத்த குழு; தமக்குப் பிடிக்காத முடிவு! பிரபுவாகி மேல் சபையில் அமர்ந்த பிறகும் அந்த மாற்றத்தை எதிர்த்தே நின்றார் ஃபைஃப். 1960-இல் மக்கள் சபையில் வந்த தீர்மானத்தை 213-க்கு 99 என்று தோற்கடித்தார்கள். அந்தக் கட்சியிலும் நல்லவர் இல்லாமலில்லை. ஹம்ஃப்ரி பெர்க்லி என்ற கன்சர்வேடிவ் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார், 1966 தேர்தலில் இடத்தை இழந்தார். தொழிற்கட்சி ஆட்சியில், 1967 ஜூலையில்தான் சட்டம் மாறியது. அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டும். 1988-இல் தாட்சர் அம்மையார் ஆட்சி, உள்ளாட்சி மன்றங்கள் இதற்கு ஆதரவாகப் பேசவே கூடாது என்று 28-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அது ஒழிய 2003 ஆயிற்று.

2009 செப்டம்பரில் தொழிற்கட்சிப் பிரதமர் கார்டன் பிரவுன் டூரிங்கிடம் நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு அளிக்கக் கோரியபோது, அன்றைய சட்டப்படி தண்டனை சரியே என்று 2012-இல் கன்சர்வேடிவ் கூட்டணி அரசு கைவிரித்தது. பிறகு மனம் மாறி, 2013 டிசம்பர் 24 அன்று அரசியார் பெயரால் மன்னித்தது. யார் யாரை மன்னிப்பது என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்குப் பதின்மூன்று நாள் முன்புதான், டிசம்பர் 11 அன்று, டில்லி உச்ச நீதிமன்றம் வெள்ளையன் 1860-இல் எழுதிவைத்துப் போன 377-ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது! எழுதிய நாடு திருந்திக்கொண்டிருந்தது, எழுத்தை நாம் கட்டிக்கொண்டு அழுதோம். 2018 செப்டம்பர் 6 அன்று அந்தக் கட்டு அவிழ்ந்தது; அப்போதும் ஒன்றிய ஆட்சி தன் கருத்தைச் சொல்லாமல் நீதிபதிகளின் தலையில் பொறுப்பைப் போட்டு நழுவியதை மறக்க வேண்டியதில்லை.

2021 ஜூன் 23, டூரிங்கின் பிறந்த நாள் அன்று, அவர் படம் பொறித்த 50 பவுன் நோட்டு புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே, 2017-இல், டூரிங் பெயரால் வழங்கும் சட்டம் அதே பிரிவுகளில் தண்டிக்கப்பட்ட மற்றவர்களையும் மன்னித்திருந்தது. செத்தவர்களுக்கு மன்னிப்புத் தானே வந்தது. உயிரோடிருந்த முதியவர்கள், மாக்ஸ்வெல் ஃபைஃப் ஒரு காலத்தில் ஆண்ட அதே உள்துறை அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட வேண்டியிருந்தது.