விண்மீன்களின் இயல்பைக் கண்டறிந்த செசிலியா பெய்ன்

சூரியனும் விண்மீன்களும் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என்பது இன்று பாடசாலைப் பாடம். அதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் 25 வயது நிரம்பிய ஒரு பெண்.

செசிலியா பெய்ன் 1900 மே 10 அன்று இங்கிலாந்தின் வென்டோவரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மூன்று பிள்ளைகளையும் தனித்து வளர்த்தார். இலண்டன் சென் போல்ஸ் பெண்கள் பாடசாலையில் கற்றபோது, அங்கு இசை கற்பித்த இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ற் அவரை இசைத்துறைக்கு வருமாறு ஊக்குவித்தார். செசிலியாவின் மனமோ விஞ்ஞானத்தில் நின்றது. 1919இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜின் நியூனம் கல்லூரியில் சேர்ந்தார். சூரிய கிரகண ஆய்வு பற்றி எடிங்டன் ஆற்றிய விரிவுரையைக் கேட்டதும், வானியலே தம் வழியெனத் துணிந்தார். படிப்பை முடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியதில்லை. எனவே 1923இல் அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வகத்துக்குச் சென்றார்.

அங்கே விண்மீன்களின் நிறமாலைகள் பதிந்த கண்ணாடித் தகடுகள் பெருந்தொகையாக இருந்தன. விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு. சூரிய நிறமாலையில் இரும்பு முதலிய உலோகங்களின் கோடுகள் நிறைந்திருந்ததால், சூரியனும் பூமியை ஒத்த பொருட்களால் ஆனதென்றே அக்காலத்து அறிஞர் நம்பினர். இந்திய விஞ்ஞானி மேகநாத் சாகாவின் அயனாக்கக் கோட்பாட்டைச் செசிலியா துணைக்கொண்டார். கோட்டின் வலிமை மூலகத்தின் அளவை மட்டுமன்றி வெப்பநிலையையும் பொறுத்தது என்பது அதன் சாரம். வெப்பநிலையையும் சேர்த்துக் கணித்தபோது, ஐதரசன் உலோகங்களைவிடச் சுமார் பத்து இலட்சம் மடங்கு மிகுந்து நின்றது.

1925இல் இதுவே அவரது கலாநிதிப் பட்ட ஆய்வாயிற்று. ஆனால் பிறின்ஸ்டனின் மூத்த வானியலாளர் ஹென்றி நொறிஸ் ரசல் இம்முடிவை ஏற்கவில்லை. அவருக்கு இணங்கி, அது பெரும்பாலும் உண்மையாக இராது என்று செசிலியா தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின் ரசலே வேறொரு வழியால் அதே முடிவை அடைந்தார். செசிலியாவின் ஆய்வை அவர் குறிப்பிட்டபோதும், பெருமை நெடுங்காலம் ரசலையே சார்ந்தது.

செசிலியா தளரவில்லை. 1934இல் வானியலாளர் சேர்கெய் கபோஷ்கினை மணந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தவாறே ஆய்வையும் தொடர்ந்தார். குறைந்த சம்பளத்தில் அவர் கற்பித்த பாடங்கள் 1945 வரை ஹாவாட்டின் பாடப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. 1956இல் பேராசிரியையாகி, அங்கு ஒரு துறைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணியானார்.

1976இல் அமெரிக்க வானியல் சங்கம் அவருக்கு உயர் கௌரவம் ஒன்றை அளித்தது. அது ஹென்றி நொறிஸ் ரசலின் பெயரால் அமைந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1979 டிசெம்பர் 7 அன்று அவர் மறைந்தார். ஒருகாலத்தில் அவரே மறுத்தெழுத நேர்ந்த முடிவை இன்று உலகெங்கும் மாணவியர் ஐயமின்றிக் கற்கின்றனர்.