மூக்கைத் திருத்தி மனதை ஆற்றிய டாக்டர்

1898-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒரு டாக்டரைத் தேடி இளைஞர் ஒருவர் வந்தார். அவருக்கு வயது 28. உடம்பில் நோய் இல்லை. சொந்த நிலம் இருந்தது. ஆனால் மனதில் நிம்மதி இல்லை.

காரணம், அவருடைய மூக்கு!

அது மிகப் பெரியது. அவர் எங்கே போனாலும் எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். சிலர் கேலி செய்தார்கள். மனம் நொந்த அவர், மற்றவர்களோடு பழகுவதையே விட்டுவிட்டார். மூக்கைச் சிறிதாக்க முடியுமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

அந்த டாக்டரின் பெயர் ஜாக் ஜோசப்.

வேலை போயிற்று

ஜோசப் 1865-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் யூத மதகுரு. டாக்டர் பட்டம் பெற்ற ஜோசப், பெர்லினில் ஜூலியஸ் உல்ஃப் என்ற எலும்பு வைத்திய நிபுணரிடம் உதவி டாக்டராகச் சேர்ந்தார்.

1896-ல் ஒரு தாய் தன் மகனை அவரிடம் அழைத்து வந்தாள். பையனின் காதுகள் பெரிதாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததால் அவன் பள்ளிக்கூடம் போக மறுத்தான். ஜோசப் ஆபரேஷன் செய்து காதுகளைச் சரிப்படுத்தினார்.

பையன் பிழைத்தான். டாக்டரின் வேலை போயிற்று! நோய் இல்லாதவனை அழகுக்காக அறுப்பது அந்தக் காலத்து டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. உல்ஃப் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

இந்தக் காது ஆபரேஷனைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் பெரிய மூக்குக்காரர் வந்தார். மறுபடியும் அதே சோதனை! ஆனால் ஜோசப் பின்வாங்கவில்லை. முதலில் ஒரு பிணத்தின் மூக்கில் அறுத்துப் பழகினார். பிறகே இளைஞரின் மூக்கில் கத்தியை வைத்தார்.

ஆபரேஷன் வெற்றி! அந்த இளைஞர் மறுபடி நாலு பேரோடு கலந்து பழகினார். அவர் முகத்தில் சந்தோஷம் திரும்பியது. 1898 மே மாதம் பெர்லின் மருத்துவ சங்கத்தில் ஜோசப் இதை விளக்கிச் சொன்னார்.

தழும்பு இல்லாமல்

அறுபட்டுப் போன மூக்கை மறுபடி உண்டாக்கும் வித்தை இந்தியாவில் பழங்காலத்திலேயே இருந்தது. ஆனால் முழுதாக இருக்கும் மூக்கைத் திருத்துவது வேறு வேலை. அமெரிக்காவில் ரோ என்ற டாக்டர் 1887-லேயே மூக்குத் துவாரத்தின் வழியாக இதைச் செய்தார். ஜோசப்பும் 1904-ல் இந்த வழிக்கு வந்தார். வெளியே தழும்பு தெரியவில்லை.

அளவு என்ன?

நல்ல மூக்குக்கு அளவு உண்டா? உண்டு. ஜோசப் முகங்களைப் பக்கவாட்டில் அளந்து பார்த்தார். மூக்கின் தண்டு முகத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்திருந்தால் எடுப்பாக இருக்கும் என்று கண்டார்.

இன்றைய டாக்டர்களும் அளக்கிறார்கள். மூக்கின் நீளம் முகத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அகலம் இரு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவு. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள கோணம் ஆண்களுக்கு 90 முதல் 95 டிகிரி. பெண்களுக்கு 95 முதல் 110 டிகிரி.

இந்தக் கோணம் அதிகமானால் ஆபத்து! மூக்கு நுனி மேலே தூக்கிக்கொள்ளும். எதிரே நிற்பவருக்கு இரண்டு துவாரங்களும் பளிச்சென்று தெரியும். துவாரங்கள் நேர்ப்பார்வைக்குச் சிறிதளவே தெரிய வேண்டும். அதனால் எவ்வளவு வெட்டுவது என்பதைவிட, எங்கே நிறுத்துவது என்பதே முக்கியம்.

இந்த அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களைப் பார்த்து வகுத்தவை. எல்லா நாட்டு முகத்துக்கும் இவை பொருந்தா. அவரவர் முகத்துக்கு ஏற்றதே அழகான மூக்கு.

போரும் புகழும்

1914-ல் உலக யுத்தம் மூண்டது. முகம் சிதைந்த சிப்பாய்கள் வந்து குவிந்தார்கள். 1916-ல் பெர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரியில் முகச் சீரமைப்புப் பிரிவு ஜோசப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 1919-ல் பேராசிரியர் பட்டம் கிடைத்தது.

அவரிடம் தொழில் கற்க வெளிநாட்டு டாக்டர்களும் வந்தார்கள். மக்கள் அவரை மூக்கு ஜோசப் என்றே அழைத்தார்கள். ஏழைகள் சிலருக்கு அவர் காசு வாங்காமலும் ஆபரேஷன் செய்தார். மூக்குச் சீரமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1931-ல் முற்றுப்பெற்றது.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத டாக்டர்களுக்குத் துன்பம் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, மாரடைப்பால் ஜோசப் காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

கேலிக்கு ஆளானவன் படும் வேதனையும் ஒரு நோயே என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைக்காக வேலையை இழந்தார். அதே நம்பிக்கைதான் அவருக்கு அழியாத பெயரையும் தந்தது.