மன்னாரைக் காணாத மாலுமி

கடலில்லா ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுபவை புத்தகங்களே. தருமபுரி மண்ணில் பிறந்து, பெங்களூரில் முதுகலை இயற்பியல் பயின்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கும் எனக்கும் அவ்வாறே. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவில் சிந்துபாத்தைக் கண்டோம். படங்களோடு சுருக்கி வெளியிட்ட சிறுவர் நூல்களில் ராபின்சன் குரூசோவையும் புதையல் தீவையும் கண்டோம். அந்த வரிசையில் மறக்கவொண்ணாதவன் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனான நீமோ. அவனைப் படைத்த ஜூல்ஸ் வெர்னின் வாழ்க்கையை நம் மாணவ நண்பர்கள் அறிவது நலம். தமிழ் மாணவர்கள் அறிவது அதனினும் நலம். காரணம் போகப்போக விளங்கும்.

வெர்ன் 1828-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் பிரான்சின் நாந்த் நகரில், கப்பல்கள் வந்து தங்கும் லுவார் ஆற்றின் நடுவே அமைந்த தீவுப் பகுதியில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பதினோராம் வயதில், இந்தியா செல்லும் கப்பலொன்றில் ஒருவரும் அறியாமல் ஏறிவிட்டார் என்றும், தந்தை விரைந்து சென்று அடுத்த துறையிலேயே இறக்கிக் கொணர்ந்தார் என்றும் அக்குடும்பத்தில் ஒரு கதை வழங்கியது. ஆராய்ச்சியாளர் இதை முழுதும் நம்புவதில்லை. எனினும் பொருத்தமான கதைதான். பின்னாளில் அவர் இந்தியாவை எழுத்தில் தொட்டாரேயன்றி, ஒரு நாளும் இங்கு வந்தாரில்லை.

1848-இல் சட்டம் பயில அவரைப் பாரிசுக்கு அனுப்பினார் தந்தை. பட்டம் பெற்றார், ஆனால் நாட்டமெல்லாம் நாடகத்தின் மீதே. தந்தையின் அலுவலகத்தை ஏற்க மறுத்தார். 1857-இல் திருமணம் ஆயிற்று. குடும்பத்தைக் காக்கப் பங்குச் சந்தையில் தரகரானார். விடியற்காலையில் எழுதுவார், பின்னர்ச் சந்தைக்குச் செல்வார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நூலகத்தில் அமர்ந்து புவியியல், இயற்பியல், கடலாய்வு நூல்களிலிருந்து குறிப்பெடுப்பார். பகலெல்லாம் கணிப்பொறி முன் அமர்ந்துவிட்டு இரவில் கதை எழுதும் நண்பர்கள் நம் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உண்டு. அவர்கள் இதைக் கேட்டுத் தெம்படையலாம்.

1862-இல் எட்சல் என்னும் பதிப்பாசிரியரைச் சந்தித்தார். மறு ஆண்டே பலூனில் ஆப்பிரிக்காவைக் கடக்கும் கதை வெளிவந்து புகழ் தேடித் தந்தது. இளைஞர்க்கு அறிவையும் இன்பத்தையும் ஒருங்கே ஊட்டவென்று எட்சல் 1864-இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1869 மார்ச்சு முதல் 1870 சூன் வரை அதில் தொடராக வந்ததுதான் கடலடியில் இருபதாயிரம் லீக் பயணம். இருபதாயிரம் லீக் என்பது ஆழம் அன்று, சென்ற தொலைவு; ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர். வெர்னுக்குச் சொந்தமாக ஒரு சிறு படகு இருந்தது. அதில் மிதந்துகொண்டே இக்கதையின் பல பகுதிகளை எழுதினார். 1871-இல் வந்த படப்பதிப்பில் ரியூ, நெவில் என்னும் இரு ஓவியர்கள் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வரைந்தனர். ஆக, படத்தோடு பிள்ளைகள் கைக்குச் செல்வதென்பது இந்நூலுக்குப் பிறவியிலேயே வாய்த்த பேறு.

நீமோ எந்த நாட்டவன்? அவனைப் போலந்து நாட்டவனாகவும், ருசியரால் குடும்பத்தை இழந்தவனாகவும் படைக்கவே வெர்ன் முதலில் எண்ணினார். ருசியா நட்பு நாடு, புத்தகம் விற்கும் சந்தையும்கூட என்று எட்சல் தடுத்துவிட்டார். ஆகவே நீமோ நாடற்றவன் ஆனான். ஐந்தாண்டுகள் கழித்து, 1875-இல் நிறைவுற்ற மர்மத் தீவு என்னும் கதையில் வெர்ன் அந்த முடிச்சை அவிழ்த்தார். நீமோ ஓர் இந்தியன்! பண்டேல்கண்டு மன்னரின் மகன், இளவரசர் டக்கார். 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, மனைவி மக்களை இழந்து, கடலுக்குள் புகுந்தவன். அதுமட்டுமா? மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் மருமகன் முறை என்றும் எழுதினார். கணக்கிட்டுப் பார்த்தால் சற்று இடிக்கும்: கதைப்படி டக்கார் பிறந்தது 1819-ஐ ஒட்டி, திப்பு வீழ்ந்ததோ 1799-இல். எனினும், திப்புவின் மாளிகை நிற்கும் இந்நகரில் வாழும் நமக்கு அந்தப் பெயர் அந்நியமா?

தமிழருக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. முதற்கதையில் நாட்டிலஸ் நம் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துக்குளிக்கும் ஏழை ஒருவன் மீது சுறா பாய்கிறது. நீமோ கத்தியோடு குறுக்கே புகுந்து போராடுகிறான். தோழன் எறிந்த ஈட்டியால் சுறா மடிகிறது. மூர்ச்சித்த ஏழையை மீட்டு, அவன் கையில் ஒரு பை முத்தையும் வைத்துவிட்டுப் போகிறான். மனித குலத்தையே வெறுத்தவன் ஏன் இவ்வாறு செய்தான் என்று கேட்டபோது, அவ்வேழை ஒடுக்கப்பட்ட நாட்டவன், தானும் அந்நாட்டவனே என்னும் பொருள்பட மறுமொழி தருகிறான். நம் பரதவர் மூழ்கி மூச்சடக்கிய கடலிலன்றோ நீமோவின் நெஞ்சு முதன்முறை திறந்தது!

இக்கதைகள் ஆங்கிலத்திற்குப் போனபோது என்ன நேர்ந்தது? 1870-களில் வந்த மெர்சியர் என்பாரின் மொழிபெயர்ப்பில் ஏராளமான பகுதிகள் வெட்டப்பட்டன. நாட்டிலசின் எஃகு நீரைவிட 7.8 மடங்கு அடர்த்தி என்று வெர்ன் எழுதியிருக்க, 0.7 முதல் 0.8 வரை என்று பெயர்த்துவிட்டார். அத்தகைய எஃகு மரக்கட்டைபோல் மிதக்குமே! பத்தில் ஒன்பது பங்கு நீருள் அமிழ்ந்து மிதக்கும் கப்பல், தொட்டிகளில் நீர் நிரப்பினால் முழுதும் மூழ்கும் என்று ஆர்க்கிமிடீசு விதிப்படி கணக்குப் போட்டவருக்கு அறிவியல் தெரியாது என்ற கெட்டபெயர் இதனால் வந்தது. கிங்ஸ்டன் பெயரில் வெளிவந்த மர்மத் தீவிலோ 1857-ஐப் பற்றிய பகுதி திரிக்கப்பட்டு, ஆங்கில ஆட்சி இந்தியாவுக்கு வாழ்வளித்ததாக மாறிவிட்டது. பிற்காலத்துச் சிறுவர் பதிப்புகள் பல இப்பழைய மொழிபெயர்ப்புகளைச் சுருக்கி எழுந்தவையே.

கோனப்பன அக்ரகாரத்தில் ஞாயிறுதோறும் நானும் நண்பர்கள் இருவரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கே ஒரு வண்ணப் படநூல் கிடைத்தது. மன்னார் காட்சியில் சுறா மட்டும் பக்கம் முழுதும் பல்லைக் காட்டிற்று. முத்துக்குளிப்பவன் எந்த ஊர்க்காரன் என்பதே இல்லை. நீமோ எந்த நாட்டுக்காரர் அண்ணா என்று ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டாள். சொன்னேன். திப்பு மாளிகையை மார்க்கெட் பக்கத்தில் பார்த்திருக்கிறேனே என்று துள்ளினாள். அன்று முழுவதும் அப்புத்தகம் அவள் கையை விட்டு இறங்கவில்லை.

சுருக்குவது குற்றமன்று. பக்கம் பக்கமாக வரும் மீன் பட்டியல்களை நீக்கலாம். நீண்ட வாக்கியங்களை உடைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே உதவி. ஆனால், கதைமாந்தன் யார், எதற்காகப் போராடினான் என்பதை நீக்கினால் எஞ்சுவது மீன்தொட்டிதான். தமிழில் தழுவி எழுதும் நம்மவர்கள் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால், மன்னாரும் மிஞ்சும், 7.8-உம் மிஞ்சும்.

வெர்னின் பிற்காலம் துன்பம் நிறைந்தது. 1886 மார்ச்சில் மனநலம் குன்றிய உடன்பிறந்தார் மகன் சுட்டதில் காலில் குண்டு தங்கி, வாழ்நாளெல்லாம் நொண்டி நடந்தார். அதே மாதத்தில் எட்சலும் மறைந்தார். அருமைக் கப்பலையும் அவ்வாண்டில் விற்றுவிட்டார். ஆயினும் எழுத்தை நிறுத்தவில்லை. அமியென் நகர மன்றத்திற்கு 1888-இல் உறுப்பினராகத் தேர்ந்து ஊருக்கு உழைத்தார். நீரிழிவால் நலிந்து, 1905 மார்ச்சு 24-ஆம் நாள் அவ்வூரிலேயே கண்மூடினார். 1954-இல் அமெரிக்கர் மிதக்கவிட்ட முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ் என்னும் பெயரையே தாங்கிற்று. பெயர் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; கப்பல் தலைவனின் நாட்டை நம் பிள்ளைகளிடம் சேர்ப்பது நம் வேலை.