கொட்டகை வாயிலில் சாப்ளின்

மௌனப்பட நகைச்சுவை நடிகருள் தலைசிறந்தவராகிய சார்லி சாப்ளின் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்து, லண்டனில் வளர்ந்தார். தந்தையார் குடியால் நலிந்து 1901-இல் மாண்டார். மேடைப் பாடகியாகிய அன்னையார் ஹன்னா மனநோய்க்கு ஆளானார். ஏழாம் வயதிலேயே ஏழையர் விடுதி புகுந்த இச்சிறுவர்க்குப் பிற்காலத்தில் உடைமையாய் வாய்த்தது அவர்தம் வேடமே. அதனையும் பிறர் கவர முயன்ற வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

நாடகக் குழுவொன்றுடன் அமெரிக்கா சென்றவர், கீஸ்டோன் படக் கம்பெனியில் வாரம் 150 டாலர் ஊதியத்துக்கு அமர்ந்தார். 1914-இல் இறுகிய சட்டையும், தொளதொளத்த காற்சட்டையும், பெரிய பாதரட்சையும், சிறு மீசையும், கைத்தடியுமாக அவ்வேடம் திரையில் தோன்றியது.

அக்காலத்து அமெரிக்கத் தெருக்கொட்டகைகளின் நிலையையும் நாம் அறிதல் வேண்டும். கட்டணம் ஐந்து அல்லது பத்து சென்ட். பல இடங்களில் படம் நாள்தோறும் மாறும். ஒருநாள் ஓடும் இருசுருள் படத்திற்குப் பெருவிளம்பரம் செய்யக் கொட்டகைக்காரர்க்கு இயலுமோ? ஆதலின் சாப்ளினது உருவத்தை அட்டையில் வெட்டி வாயிலில் நிறுத்தி, இன்று அவர் இங்குளார் என்னும் பொருள்பட எழுதி வைத்தனர். அயல்நாட்டினின்று குடியேறி ஆங்கிலம் படிக்க அறியாத தொழிலாளர்க்கும் அவ்வுருவம் ஒன்றே போதுமாயிற்று. 1915-இல் சாப்ளின் வேடப் போட்டிகளும் பல கொட்டகைகளில் நடந்தன. எம் வகுப்பறையிலும் அளவுகோலைச் சுழற்றி அந்நடை நடக்கும் மாணாக்கர் உளர். கடிந்துகொள்ள மனம் வருவதில்லை.

1916-இல் மியூச்சுவல் கம்பெனி அவர்க்கு ஓராண்டுக்கு 6,70,000 டாலர் அளித்தது. ஆயின் புகழ் பெருகப் போலிகளும் பெருகினர். அமடோர் என்பார் சார்லி ஆப்ளின் எனப் பெயர் புனைந்து, அதே கோலத்தில் படமெடுத்தார். வாயிலில் உருவங்கண்டு காசு கொடுத்தவன் உள்ளே காண்பது வேறொருவரை! சாப்ளின் வழக்குத் தொடுத்தார். அம்மீசையும் பாதரட்சையும் முன்னரே மேடைக் கோமாளிகள் பூண்டவை என்பது எதிர்வாதம். தனித்தனியே நோக்கின் அது பொய்யன்று. எனினும் அவற்றை ஒருங்குகூட்டி ஓர் ஏழையின் மானத்தைக் காட்டியவர் இவரே என்பது நம் கருத்து. 1925-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. மக்களை ஏமாற்றும் நோக்குடன் பெயரையும் கோலத்தையும் பின்பற்றல் முறையன்று என 1928-இல் மேல்மன்றமும் உறுதி செய்தது.

தாம் 1921-இல் கலிபோர்னியாவுக்கு வரவழைத்துப் பேணிய அன்னையாரை அவ்வாண்டிலேயே சாப்ளின் இழந்தார். அவர் 1977 டிசம்பர் 25-இல் ஸ்விட்ஸர்லாந்தில் காலமானார்.